படகில் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு ஆகிய விவரங்களைத் தங்கள் நாளிதழ் நாள் தவறாமல் வெளியிட்டு வருகிறது. பாசனத்துக்காக அணையை வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்க நெருங்க டெல்டா விவசாயிகள் அந்த எண்களைக் கண்ணும் கருத்துமாகப் படிக்கிறார்கள். ஆனால் அதே தண்ணீரின் மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு அன்றாடம் போய்வரும் படகுகளில் அந்த எண்கள் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. நான் ஏறிச் சென்ற படகுகளைப் பொறுத்தவரை, எத்தனை பேர் ஏறினார்கள், என்ஜின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, எந்த இடத்தில் பாறை இருக்கிறது என்பவையெல்லாம் படகோட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்தப் படகோட்டி காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் படுத்துவிட்டால், அந்த விவரங்களும் அவரோடு வீட்டில் தங்கிவிடுகின்றன. சரக்குக் கப்பல்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது மேட்டூரில் குடியிருக்கும் நான், நம் மாவட்டத்துப் படகுகளில் பதிவேடுகளும் வேண்டிய தகவல்களும் ஒழுங்காக வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் மூலம் அதிகாரிகளின் கவனத்துக்கும் படகோட்டிகளின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை என்பதால் படகுப் பாதுகாப்பு இங்கே பெரிய பேச்சாக இருப்பதில்லை. உண்மையில் காவிரி இந்த மாவட்டத்தின் எல்லையாக ஓடும் நீளம் முழுவதும் மக்கள் படகை நம்பியிருக்கிறார்கள். எடப்பாடி வட்டத்துப் பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் கொளத்தூர் பக்கத்துப் பண்ணவாடிக்கும் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக்கும், கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் இடையே மக்கள் தண்ணீரைக் கடந்து போய்வருகிறார்கள். மாணவர்கள், கூலி வேலைக்குச் செல்வோர், சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்வோர், இருசக்கர வாகனத்தையே படகில் ஏற்றிச் செல்வோர் என இவர்களில் பலருக்குப் படகுப் பயணம் பேருந்துப் பயணம் போன்ற அன்றாடத் தேவை. ஏற்காடு ஏரியில் நடப்பது சுற்றுலாச் சவாரி. அங்கே கரையிலேயே சீட்டு வழங்கப்படுவதால் எண்ணிக்கையாவது ஒரு வகையில் பதிவாகிவிடுகிறது. ஆற்றுத் துறைகளில் அந்த வசதியும் இல்லை.

படகு விபத்து ஒன்று நடந்தால், உயிர்காப்பு மேலங்கி இருந்ததா, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினார்களா என்ற இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. இரண்டும் நியாயமான கேள்விகள். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: படகில் எத்தனை பேர் இருந்தார்கள்? கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் 2023 மே 7-ஆம் தேதி இரவு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தபோது, படகில் ஏறியவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதே தொடக்கத்தில் தெளிவாகத் தெரியவில்லை. எண்ணிக்கை தெரியாவிட்டால் தேடுதலை எப்போது நிறுத்துவது என்பது மீட்புப் பணியாளர்களுக்குத் தெரியாது. கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு விடை சொல்லவும் ஆள் இருக்காது. பயணிகள் கப்பல் புறப்படுவதற்கு முன் அதிலுள்ள அனைவரையும் எண்ணியாக வேண்டும் என்பது கடலில் மனித உயிர் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை விதித்துள்ள கட்டாயம். பெரிய கப்பலுக்கு விதிக்கப்பட்ட இந்த ஒழுங்கு முப்பது பேர் ஏறும் ஆற்றுப் படகுக்கு அதைவிட எளிது. எண்ணி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் எண்ணி எழுதிய தாளைப் படகிலேயே வைத்துக்கொண்டு போனால், படகு மூழ்கும்போது அந்தத் தாளும் சேர்ந்து மூழ்கிவிடும். ஆகவே எதைப் படகில் வைப்பது, எதைக் கரையில் விட்டுச் செல்வது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். பயணிகள் எண்ணிக்கை கரையில் இருக்க வேண்டிய தகவல். செவ்வாய்ப்பேட்டையில் எந்த நோட்டுப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், கார்பன் தாள் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்றே இதற்குப் போதும். ஒவ்வொரு நடையிலும் நேரம், பெரியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், இருசக்கர வாகனங்கள் எத்தனை என்று நான்கே நான்கு எண்களை எழுதி, மேல் தாளைக் கிழித்துத் துறையில் கட்டணம் வசூலிப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். அடித்தாள் படகில் இருக்கும். வாகனங்களைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மோட்டார் சைக்கிளின் எடை ஏறத்தாழ இரண்டு ஆட்களின் எடைக்குச் சமம். ஆள் எண்ணிக்கை அனுமதிக்கு உட்பட்டிருந்தும் வாகன எடையால் படகு தாழ்ந்து போகும் நிலையை, இப்படித் தனித்து எழுதினால்தான் படகோட்டியே கண்டுகொள்ள முடியும்.

அடுத்து, தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீர்த்தேக்கத்துக்குள் ஊர்களே மூழ்கின. பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீர்மட்டம் குறையும் ஆண்டுகளில் வெளியே தெரிவதைத் தங்கள் வாசகர்கள் புகைப்படங்களில் பார்த்திருப்பார்கள். நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும்போது அவை காட்சிப் பொருளாகிவிடுகின்றன. மக்கள் பார்க்க வருகிறார்கள். படகோட்டிக்கு அந்த நாள்களில் ஆபத்தில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் கல்லை யாரும் மோதுவதில்லை. அதற்குச் சில அடிகள் மேலே நீர்மட்டம் நிற்கும் நாள்களில்தான் கல்லின் தலை நீருக்குள் மறைந்தும் படகின் அடிப்பலகைக்கு எட்டும் உயரத்திலும் இருக்கும். நீர்த்தேக்கத்தில் இப்படி மறைந்திருப்பவை கோயிலும் ஆலயமும் மட்டும் அல்ல. பழைய கட்டடங்களின் மிச்சங்கள், மரக்கட்டைகள், பாறை மேடுகள் என்று பலவும் உண்டு. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த 120-க்கும் கீழே ஒவ்வொரு நீர்மட்டத்திலும் எந்தத் தடை எவ்வளவு ஆழத்தில் இருக்கும், எந்தப் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும், கரையில் எந்த மரத்தை அல்லது கோபுரத்தை அடையாளமாக வைத்துத் திருப்ப வேண்டும் என்பது அங்கே தலைமுறையாகப் படகும் பரிசலும் ஓட்டும் முதியவர்களுக்குத் தெரியும். அது எழுத்தில் இல்லை.

அந்த அறிவை எழுத்தில் ஏற்றுவது கடினமான வேலை அன்று. நீர்மட்டம் குறையும் பருவத்தில் வெளியே தெரியும் ஒவ்வொரு தடையையும், அது முதன்முதலாகத் தலைகாட்டிய நாளின் நீர்மட்டத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், ஒரே கோடையில் அந்தத் துறைக்குரிய அட்டவணை உருவாகிவிடும். பிறகு நாளிதழில் வரும் நீர்மட்டத்தைக் காலையில் படகு நோட்டில் எழுதிவிட்டு, அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். புதிதாக வேலைக்கு வந்த இளைஞரும் பழையவர் போலவே அந்த வழியில் படகு செலுத்தலாம். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அந்த முதியவர்களிடம் கேட்டு எழுதும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் நமக்கு இருக்கிறது என்ற கவலை.

அணைக்குக் கீழே நிலைமை வேறு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று தலா 30 மெகாவாட் மின்னுற்பத்தித் திறனுடன் கதவணைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பூலாம்பட்டியில் படகு ஓடுவது கதவணையால் தேங்கி நிற்கும் நீரில். பார்வைக்குக் குளம்போல் அமைதியாக இருக்கும் அந்த நீர், மேட்டூரிலிருந்து திறக்கப்படும் அளவைப் பொறுத்தும் கதவுகளின் இயக்கத்தைப் பொறுத்தும் மாறக்கூடியது. வெள்ளக் காலத்தில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுவதும், கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வெளியேற்றும்போது நிறுத்தப்படுவதும் நாம் அறிந்தவையே. எத்தனை ஆயிரம் கன அடி வரும்போது நிறுத்த வேண்டும், அந்த முடிவை யார் சொல்ல வேண்டும், எந்தத் தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்ற மூன்றும் படகில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், அவசரமாகப் போக வேண்டும் என்று பயணி ஒருவர் வற்புறுத்தும் நேரத்தில் படகோட்டி அந்தத் தாளைக் காட்டி மறுக்க முடியும். வாய்மொழியாக மறுப்பவருக்கு இல்லாத பலம் எழுதிய தாளைக் காட்டுகிறவருக்கு உண்டு.

நாள்குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மொத்தத்தில் மிகுந்த பயன் தருவது அதுதான். கப்பலின் என்ஜின் அறையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பணி மாறும். பணியை ஒப்படைப்பவர் வெப்பநிலை, அழுத்தம், எண்ணெய் அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அறையை விட்டு மேலே ஏறுவார். ஆற்றுப் படகுக்கு அத்தனை விவரங்கள் தேவையில்லை. தேதி, காலை நீர்மட்டமும் வெளியேற்றமும், காற்று எப்படி, என்ஜின் ஓடிய மணி நேரம், ஊற்றிய டீசல் எத்தனை லிட்டர், எண்ணெய் அளவு சரியா, அடியில் சேர்ந்த தண்ணீரை எத்தனை வாளி இறைத்தோம், வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கவனித்தோமா, கையொப்பம் என்று ஒரு வரி போதும். காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் ஓட்டும் படகானால் இரண்டு வரிகள்.

இதில் வாளிக் கணக்கை வேடிக்கையாக யாரும் எண்ண வேண்டாம். எந்தப் படகின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் சேரும், அது இயல்பு. தினம் இரண்டு வாளி இறைத்த படகில் மூன்று, பிறகு நான்கு, பிறகு ஆறு என்று ஏறிக்கொண்டே போனால், எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது அல்லது சுழலித் (புரொப்பெல்லர்) தண்டு நுழையும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள். நாளுக்கு ஒரு வாளி கூடுவதை மனித நினைவு கண்டுகொள்ளாது. நேற்றைய கூடுதலே இன்று வழக்கமாகத் தோன்றிவிடும். பத்து நாள் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் மட்டுமே அது கண்ணில் உறுத்தும். டீசலும் அப்படியே. அதே தூரத்துக்கு டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்றால் சுழலியில் வலை சுற்றியிருக்கலாம், இறக்கை வளைந்திருக்கலாம், என்ஜினே நலம் குன்றியிருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு முதல் வாரத்தில் ஒன்று, மூன்றாவது மாதத்தில் வேறொன்று. பதிவேடு எழுதச் சொன்னால் நேரமில்லை என்று கூறும் படகு உரிமையாளர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்ல விரும்புவது இந்தப் பணக் கணக்கைத்தான்.

என்ஜினைப் பற்றிய நிலையான விவரங்கள் நாள்குறிப்போடு கலக்காமல் தனி நோட்டில் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் கொடுக்கும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலும் அது உரிமையாளர் வீட்டுப் பீரோவில் இருக்கும். படகில் வேண்டியது அதிலிருந்து எடுத்து எழுதிய இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு. எந்த வகை எண்ணெய், எத்தனை லிட்டர் பிடிக்கும், வடிகட்டிகளின் எண் என்ன, விசிறிப் பட்டையின் எண் என்ன, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை எதை மாற்ற வேண்டும், கடைசியாக எப்போது மாற்றினோம் என்பன அதில் இருக்க வேண்டும். படகின் பின்புறம் வெளியே மாட்டும், பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து என்ஜினாக இருந்து அது எண்ணெயைக் கலந்து ஊற்றும் வகையாகவும் இருந்தால், கலவை விகிதத்தை எரிபொருள் கேனின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடலாம். விசிறிப் பட்டையை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அதன் எண் பட்டையின் முதுகில் அச்சிட்டிருக்கும் என்பதாலும், சில மாத ஓட்டத்தில் அது முழுவதும் தேய்ந்துவிடும் என்பதாலும்தான். பட்டை அறுந்த பிறகு எண்ணைத் தேடினால் கையில் இருப்பது எழுத்தில்லாத கறுப்பு ரப்பர் துண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டூருக்கும் சேலத்துக்கும் கடை கடையாக அலைவதைத் தவிர்க்க, புதுப் பட்டையை மாட்டும் அன்றே எண்ணை எழுதிவிட வேண்டும். என்ஜினின் மேல் மூடியின் உட்பக்கத்திலும் அதே எண்ணை எழுதிவைப்பது இன்னும் நல்லது.

இத்தனையும் எழுதி ஒரு பையில் திணித்துவைத்தால் பயனில்லை. அடுக்கும் முறைதான் பதிவேட்டுக்கு உயிர். எந்தத் தகவல் எவ்வளவு வேகத்தில் தேவைப்படுமோ அந்த வரிசையில் அது கைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே கப்பலில் நான் கற்ற விதி. நொடிகளில் தேவைப்படுவது பெட்டிக்குள்ளே இருக்கவே கூடாது. அவசர எண்களான 112, 108, தீயணைப்புத் துறையின் 101 ஆகியவற்றையும், இரு கரைகளின் பெயரையும் வட்டத்தையும் மாவட்டத்தையும், படகின் பெயரையும் பதிவு எண்ணையும், ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையையும் ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுபவரின் கண்ணெதிரே பயணிகளுக்கும் தெரியும்படி பொருத்த வேண்டும். இரு கரைகளின் மாவட்டத்தை எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. பூலாம்பட்டிப் படகு நடு ஆற்றில் நின்றால் ஒரு கரை சேலம், மறு கரை ஈரோடு. பண்ணவாடிப் படகானால் மறு கரை தர்மபுரி. படகில் இருக்கும் வெளியூர்ப் பயணி ஒருவர் பதற்றத்தில் தொலைபேசியில் பேசும்போது, எந்த ஊர், எந்த மாவட்டம் என்று மறுமுனையில் கேட்பார்கள்; அவர் பலகையைப் பார்த்து வாசித்தால் போதும்.

நிமிடங்களில் தேவைப்படுவது நாள்குறிப்பும் தடைகளின் அட்டவணையும். அவை பெட்டியின் மேல் தட்டில். என்ஜின் நோட்டு அதற்குக் கீழே. பதிவுச் சான்று, ஆய்வுச் சான்று, காப்பீடு, ஓட்டுநரின் தகுதிச் சான்று ஆகியவற்றின் நகல்கள் எல்லாவற்றுக்கும் அடியில். மூலப் பத்திரங்கள் கரையில். பெட்டி எங்கே இருக்கிறது என்பது படகுக்குப் புதியவருக்கும் தெரிய வேண்டும். பெரிய கப்பல்களில் தீயணைப்பு வரைபடத்தின் மறுபிரதியை, நீர் புகாத சிவப்பு உறையில் இட்டு, மேல்தளக் கட்டுமானத்துக்கு வெளியே எல்லாரும் பார்க்கும் இடத்தில் பொருத்தியிருப்பார்கள். கப்பல் ஊழியருக்காக அது வைக்கப்படுவதில்லை; துறைமுகத்திலிருந்து உதவிக்கு ஏறிவரும், அந்தக் கப்பலை முன்பின் பார்த்திராத தீயணைப்பு வீரருக்காக வைக்கப்படுகிறது. நம் படகிலும் பெட்டியின் நிறமும் இடமும் அந்த எண்ணத்தோடு முடிவு செய்யப்பட வேண்டும்.

எழுதும் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெல் பேனாவின் மை ஈரம் பட்டதும் கரைந்து ஓடிவிடும்; பென்சில் எழுத்து நனைந்து காய்ந்த பிறகும் நிற்கும். தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட நோட்டே வேண்டும். சுருள் கம்பி நோட்டில் தாளைக் கிழித்தாலும் தெரியாது, கிழிந்து போனாலும் தெரியாது. தவறாக எழுதியதை அழிக்காமல், படிக்கும்படி ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட தாளின் ஓரத்தைத் தாளோடு ஒட்டி வெட்டினால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். சுற்றிலும் விரற்கடை அகலம் பிளாஸ்டிக்கை விட்டே வெட்ட வேண்டும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா வகைப் பெட்டி போதும். அதை மிதக்கும் கயிற்றால் படகோடு கட்டியிருக்க வேண்டும். ஏற்காட்டில் மழையே இல்லாத நாளிலும் மூடுபனி இறங்கினால் தாள் நமுத்துப்போகும். அங்கே பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டுவைத்து அவ்வப்போது மாற்றுவது நல்லது.

இதற்கெல்லாம் கைப்பேசி போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். எல்லாத் தாள்களையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதை நான் வரவேற்கிறேன். கரையில் இருக்கும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிரதி அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அது படகில் உள்ள தாளுக்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக ஆகாது. கைப்பேசி ஒருவருடைய சொந்தப் பொருள். அவர் விரல் பட்டால்தான் திறக்கும். அவரே தண்ணீரில் விழுந்துவிட்டாலோ மயங்கிவிட்டாலோ உள்ளே இருக்கும் விவரம் அத்தனையும் பூட்டிய அறையில் இருப்பதற்குச் சமம். மாலையில் மின்கலம் தீர்ந்துபோகும். மலைகளுக்கு நடுவே நீர்த்தேக்கத்தின் உட்பகுதியில் சமிக்ஞை எல்லா இடத்திலும் எட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பணி மாறும்போது கைப்பேசியும் அவருடன் வீட்டுக்குப் போய்விடும். படகுக்குச் சொந்தமான தகவல் படகில் இருக்க வேண்டும்.

பரிசலுக்கு இவ்வளவும் பொருந்தாது. அதில் பெட்டி வைக்க இடமில்லை, என்ஜினும் இல்லை. கரையில் ஆள் எண்ணிக்கைப் பதிவும், கடைசியாகத் தார் பூசிய அல்லது அடிப்பகுதியைப் பழுதுபார்த்த தேதி பரிசலின் உட்பக்கத்திலேயே பெயிண்டில் எழுதப்பட்டிருப்பதும் போதும்.

படகோட்டிகளிடம் இதைப் பேசும்போது அவர்கள் தயங்குவதற்கு உண்மையான ஒரு காரணம் இருப்பதை உணர்ந்தேன். எழுதிவைத்தால் நாளை அதுவே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அடைப்பு தேய்ந்திருக்கிறது என்று எழுதிய மறுநாள் அதிகாரி வந்து பார்த்து, தெரிந்தும் ஏன் ஓட்டினாய் என்று கேட்டால் என்ன செய்வது என்கிறார்கள். இந்த அச்சத்தை அதிகாரிகள் போக்காவிட்டால், எல்லாக் கட்டங்களிலும் சரி, சரி என்று ஒரே பேனாவால் ஒரே நாளில் நிரப்பப்பட்ட நோட்டுகள்தான் ஆய்வுக்கு வந்து சேரும். அப்படிப்பட்ட நோட்டு, இல்லாத நோட்டைவிடத் தீங்கானது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக அது பொய்யான நம்பிக்கை தருகிறது. பழுதைத் தாமாகவே எழுதிவைத்த படகோட்டிக்குச் சரிசெய்ய அவகாசம் கொடுப்பதும், சரிசெய்யும் வரை எத்தனை ஆட்களை ஏற்றலாம், அல்லது ஓட்டவே கூடாதா என்று அதே நோட்டில் அதிகாரி தம் கையால் எழுதிக் கையொப்பமிடுவதும் நடைமுறையாக வேண்டும். எழுதுகிறவரைத் தண்டித்து எழுதாதவரை விட்டுவிடும் ஆய்வு முறையால் எந்தப் பதிவேடும் நிலைக்காது.

1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2021-இல் நிறைவேற்றிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்குப் பதிவு, ஆய்வு, காப்பீடு, பணியாளர் தகுதி ஆகியவற்றை வகுத்துள்ளது. அந்தச் சட்டம் கேட்கும் சான்றுகள் படகின் தகுதியை ஆய்வு நடந்த நாளில் உறுதி செய்பவை. அடுத்த ஆய்வு வரைக்கும் இடைப்பட்ட நாள்களில் படகு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல நாள்குறிப்பு ஒன்றால்தான் முடியும். படகுத்துறைகளை ஏலம் விடும் உள்ளாட்சி அமைப்புகள், அடுத்த ஏல நிபந்தனைகளில் கரையில் பயணிகள் எண்ணிக்கைப் பதிவும் படகில் நாள்குறிப்பும் அவசரப் பலகையும் கட்டாயம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது. ஒரு படகுக்கு ஆண்டு முழுவதும் ஆகும் நோட்டு, பென்சில், பெட்டி, பலகைச் செலவு ஒரு முறை டீசல் நிரப்பும் செலவைத் தாண்டாது என்பது என் மதிப்பீடு.

சேலம், ஈரோடு, தர்மபுரி ஆகிய மூன்று மாவட்ட நிர்வாகங்களும் கூடி ஒரே மாதிரியான தமிழ்ப் படிவத்தை வகுத்தால், எந்தக் கரையில் ஆய்வு நடந்தாலும் படகோட்டிக்குக் குழப்பம் வராது. நாள்குறிப்புப் பக்கம், என்ஜின் குறிப்பு, தடைகளின் அட்டவணை, அவசரப் பலகை ஆகிய நான்கின் மாதிரியையும் நான் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். பூலாம்பட்டி, பண்ணவாடி, கோட்டையூர்ப் படகோட்டிகள் விரும்பினால் துறைக்கே வந்து, அவரவர் படகைப் பார்த்து, அதற்கேற்ப எழுதிக்கொடுக்கவும் முதல் சில வாரங்கள் உடனிருந்து பழக்கிவிடவும் தயாராக இருக்கிறேன். இதற்கு எந்தக் கட்டணமும் வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்கள் தங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ள அனுமதிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளர்,
மேட்டூர், சேலம் மாவட்டம்.